நகப்பூச்சுப் புள்ளி

இரவு விளக்கு என்று கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்கிறார்களே, அதில் விளக்கு இருக்கும், வெளிச்சம் இருக்காது. ஒரு டீ குடிக்கிற காசுக்குக் கிடைக்கிற பொருளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்புதான். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு குமிழ், பின்னால் இரண்டு பின், உள்ளே கடுகு மாதிரி நாலைந்து எல்.இ.டி. சுவரில் செருகினால் நானும் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வீட்டில் அதை எரியவிட்டுப் பார்த்தபோது கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. கட்டிலில் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டது என் மனைவியைப் பற்றி. நான் விளக்கிலிருந்து தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும். முன்னால் வந்த காவலர் பொறுமையில்லாதவர், நான் விளக்கு என்றதுமே "விபத்து" என்று எழுதிவிட்டார். விபத்து என்றால் கவனக்குறைவு என்று அர்த்தம். நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அந்தச் சொல் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் நானே வந்தேன்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதிப்பவர் வேறு. அவர் சொல்லும் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது நான். உடைந்த ஃபிரேம் வந்தால் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் நான்தான். லென்ஸின் நடு கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு நூல் விலகினால் போதும், போட்டவருக்குத் தலைவலி வரும். அவர் கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டார், வெயில் என்பார், வயசு என்பார். மற்றவர்களுக்குத் தட்டுப்படாத விலகல் எனக்குத் தட்டுப்படும். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

என் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக் குழந்தைகளைக் காலையில் கொண்டுவந்து விடுவார்கள். இவள் அதுகளுக்கு ஊட்டிவிடுவாள், அட்டையை வெட்டி யானை, ரயில் என்று செய்து கொடுப்பாள், மதியம் தட்டித் தூங்க வைப்பாள். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தால் அட்டை தானாகவே மடங்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதும் இல்லை. அதிர்ந்து பேசாதவள், சொன்னதைக் கேட்பவள் என்று அவளை எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை தூக்கம் கலைந்து பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. எழுந்து போனேன். சமையலறையில், விளக்கைப் போடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இங்க?"

"தூக்கம் வரலங்க. தண்ணி குடிக்க வந்தேன்."

தண்ணீர் குடிக்க வந்தவள் கையில் டம்ளர் இருக்க வேண்டும். தலையணை இருந்தது. தலையணையோடு யாராவது தண்ணீர் குடிக்கப் போவார்களா? நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் வந்துவிட்டால் அதை நம்ப வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

அவளுடைய தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். வாயாடி. லீவு நாளில் வந்தவள் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, அக்கா மூஞ்சியப் பாருங்க, தூங்கி எத்தன நாளாச்சோ. நீங்க விடுற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களே கதவச் சாத்திக்கிறாங்களாம்."

"சும்மா இருடி" என்றாள் இவள். சொல்லும்போது தங்கையைப் பார்த்துக் கண்ணால் ஒரு ஜாடை காட்டினாள். அந்த ஜாடை எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

நான் குறட்டை விடுவதில்லை. விட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். இத்தனை வருஷம் கூடப் படுத்தவள் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, நான் அவளைச் சமையலறையில் பிடித்த அடுத்த வாரமே தங்கை வந்து சொல்கிறாள் என்றால், அது பேசிவைத்துக்கொண்ட பேச்சு. எங்கள் கடைக்குப் பக்கத்தில் செல்போன், ரேடியோ பழுது பார்க்கிற ஒருவன் இருக்கிறான். சதா சில்லுகளைக் கிண்டிக்கொண்டிருப்பதால் அவனுக்குச் "சில்லு" என்றே பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் பெயர் அதுதான். அவனும் ஒரு மதியம் தலையை நீட்டி, "என்னண்ணே, கடையில மிக்சி ஓடுதேன்னு பாத்தேன், நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்க" என்று சிரித்தான். அதற்கு முந்தின மாதம்தான் என் கொழுந்தியாள் அவனிடம் செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தாள். நெருப்பில்லாமல் புகையாது. வார்த்தை எந்த வழியாக எங்கே போயிருக்கிறது என்று கணக்குப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் விளக்கு வாங்கினேன். "ராத்திரி எந்திரிச்சுப் போறியே, கால் இடறிக்கப் போற" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். "எனக்காகவா வாங்குனீங்க?" என்று குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒருத்தி ஏன் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்று நான் யோசித்தேன்.

படுக்கையறைக் கதவோரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. அதில்தான் செருகினேன். பழைய வாடகை வீடு, ஒயரிங் எல்லாம் முன்னோர் காலத்தது. எங்காவது கோளாறு என்றால் தானாக லைனைத் துண்டிக்கிற கருவியெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அதையும் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

சொன்னேனே, வெளிச்சம் போதவில்லை. கடையில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு கெப்பாசிட்டர், ஒன்றிரண்டு துணுக்குகள், அந்தக் கடுகுகள். சில்லுவிடம் காட்டினேன். கொஞ்சம் பெரிய கெப்பாசிட்டரைப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று அவனே ஒன்று எடுத்துக் கொடுத்தான். ஃபிரேம் பற்றவைக்கிற கைக்கு இது ஒரு வேலையா? சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். அன்று அவள் உருவம் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

முகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நிஜமாகத் தூங்குகிறவர்களுக்கு மூடிய இமைக்குள் கண்மணி மெல்ல உருளும். தூங்குகிற மாதிரி நடிக்கிறவர்களுக்கு இமையோரம் துடிக்கும். எத்தனையோ கண்களைக் கிட்டத்தில் பார்த்தவன், எனக்கு அது தெரியும். ஆனால் அதைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். இன்னும் சில எல்.இ.டி. சேர்த்தேன். முகம் தெரிந்தது, இமை தெரியவில்லை. இன்னும் சேர்த்தேன். ஒரு நாள் அவள் இமை எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. துடித்தது.

"ஏங்க, இந்த லைட்டு கண்ணக் குத்துதுங்க. பழசே போதுமே" என்றாள் காலையில்.

"பழகிடும்."

"பழகலையே."

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தாள். அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். மறைக்க ஒன்றுமில்லாதவள் ஏன் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பிறகு சில காலைகளில் விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சை அணைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் காப்பகத்துக்குப் போனதும் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, ஒயரை நேராகச் சேர்த்துவிட்டேன். "சுவிட்சு கெட்டுப்போச்சு, வேற கெடைக்கட்டும்" என்று சொல்லிவைத்தேன். இனி விளக்கை அணைக்க வேண்டுமென்றால் விளக்கையேதான் பிடுங்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் பகிரங்கமாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் தலையணை மட்டும், இப்போது பாய். என்ன துணிச்சல் பாருங்கள். அவள் போகப் போக நான் வெளிச்சத்தைக் கூட்டினேன். நான் கூட்டக் கூட்ட அவள் போனாள். எது முதலில் என்று இந்த அறைக்கு வந்ததிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அவள்தான் முதலில். தலையணையைச் சொன்னேனே.

சமையலறையில் என்ன செய்தாள் என்றும் கேட்டீர்கள். தூங்கினாள். எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சுருண்டு படுத்து, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பார்க்கிற நேரத்தில் தூங்கினாள். நான் பார்க்காத நேரத்துக்கு யார் சாட்சி?

ஒருநாள் அவளைக் கூட்டி வரக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். அங்கே பொறுப்பாக இருக்கிற அம்மா என்னைத் தனியாக அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்களத் தூங்க வைக்கிறேன்னு அவங்களும் சேர்ந்து தூங்கிடறாங்க. நேத்து ஒரு பாப்பா எந்திரிச்சு வாசல் கேட்டு வரைக்கும் போயிடுச்சு. நல்ல பொண்ணு, அதான் உங்ககிட்ட சொல்றேன். இன்னொரு தடவைன்னா வேலைல வச்சுக்க முடியாது. வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லீங்க. பாத்துக்கறேன்" என்றேன்.

வழியெல்லாம் அவள் தலை குனிந்தபடி வந்தாள். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் இப்படித் தூங்குகிற ஒருத்தி இரவில் என்ன செய்கிறாள் என்று எந்தப் புருஷனும் யோசிப்பான். நான் யோசித்ததை மட்டும் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நிறுத்தம் வந்ததும் மெதுவாகத்தான் எழுப்பினேன். அவள் தூங்கும்போது அவளைப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

விளக்கில் ஒரு சிக்கல் வந்தது. வெளிச்சம் கூடக் கூட சூடும் கூடியது. குமிழ் உருகிச் சப்பையாகிவிட்டது, எல்.இ.டி.கள் ஒவ்வொன்றாகக் கருகின. சூட்டை இழுக்க ஓர் அலுமினியத் தகடு வெட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாகப் பற்றவைத்தேன். உள்ளங்கை அளவுத் தகடு. குமிழ் இனிமேல் மூடாது என்பதால் அதைத் தூக்கிப் போட்டேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலை சுத்தம். சில்லுவிடம் காட்டினேன். அவன் கையில் வாங்காமல் முதலில் பிளக்கில் செருகச் சொன்னான், பிறகு டெஸ்டரை எடுத்துத் தகட்டில் வைத்தான். டெஸ்டர் எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பிச் செருகி, மறுபடி வைத்தான். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அண்ணே, இது வேணாம்" என்றான். "சின்ன லைட்டுதானேன்னு நெனைக்காதீங்க. லைன் அப்படியே தகட்டுக்கு வருது. இந்தப் பக்கமாச் சொருகினா சும்மா இருக்கு. திருப்பிச் சொருகினா தகட்டத் தொடறதும் கரண்டு கம்பியத் தொடறதும் ஒண்ணு. இதுல மேல் எது கீழ் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? வீட்ல அண்ணி தெரியாமத் தொட்டுட்டா?"

"அவ எதுக்குத் தொடப் போறா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எதுக்குண்ணே இவ்ளோ வெளிச்சம்? யாரப் புடிக்கப் போறீங்க? காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க" என்றான். அந்தப் பழமொழியே தப்பு. கண் சம்பந்தப்பட்ட தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், காமாலை வந்தவருக்கும் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரியும். பார்க்கிறவருக்குத்தான் அவர் கண் மஞ்சளாகத் தெரியும். இதை அவனுக்கு விளக்கினேன். அவன் கேட்கவில்லை. தகட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடித் தருகிறேன் என்றான், காசு வேண்டாம் என்றான். மூடினால் வெளிச்சம் குறையும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையெல்லாம் அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். சொன்னது அத்தனையும் உண்மை. நல்ல பையன்.

சில்லு சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று உதித்தது. பிளக்கை இரண்டு பக்கமாகவும் செருகலாம். அவள் நான் தூங்கும்போது விளக்கைப் பிடுங்கி, காரியம் முடிந்து மறுபடி செருகினால், திருப்பிச் செருகிவிட வாய்ப்பு உண்டு. அவளுடைய நகப்பூச்சை எடுத்து பிளக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். சிவப்பு. புள்ளி மேலே இருந்தால் தகடு சும்மா. கீழே இருந்தால் தகட்டில் மின்சாரம் பாயும். நான் எப்போதும் புள்ளி மேலே இருக்கும்படிதான் செருகினேன். பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தினமும் காலையில் எழுந்ததும் புள்ளியைப் பார்ப்பேன். மேலே இருக்கும். மறுநாளும் மேலே. அதற்கடுத்த நாளும் மேலே. வேறொருவன் என்றால் நிம்மதியாகி விளக்கைக் கழற்றிப் போட்டிருப்பான். எனக்கும் ஒருநாள், இரண்டு நாள், நெஞ்சு லேசானது உண்மைதான். சாயங்காலம் அவளுக்குப் பூப்போட்ட கைக்குட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அதைக் கையில் வாங்கியபடியே அவள் கேட்டாள்.

"என் நெயில் பாலிஷ் மூடி சரியா மூடாமக் கெடந்துச்சு. நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு அத எடுக்கப் போறேன்?"

"அதானே" என்று சிரித்தாள்.

அப்போது எல்லாம் விளங்கியது. அவளுக்குப் புள்ளி தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அது எப்போதும் மேலே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடுங்கிவிட்டுப் பார்த்துப் பார்த்துச் சரியாகச் செருகுகிறாள். ஒரு தவறும் இல்லாமல் இருப்பதே பெரிய சாட்சி இல்லையா? என் தொழிலில் ஒரு கீறல்கூட இல்லாத பழைய லென்ஸ் வந்தால், அது அந்த ஃபிரேமுடைய லென்ஸ் இல்லை என்று அர்த்தம்.

இதற்கிடையில் என் வேலை கெட்டது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு தப்பை நான் செய்ததே இல்லை. முதலாளி எல்லார் முன்னாலும், "உனக்கே கண்ணு தெரியல போலிருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

"எரியுது."

"ராத்திரி தூங்கறதே இல்லையா?"

"தூங்கறேன்" என்றேன். ஒரு புருஷன் இதற்கு வேறென்ன பதில் சொல்வான்?

"அந்த லைட்ட எடுத்துரலாங்க. எனக்காகத்தானே போட்டீங்க, எனக்கு வேணாம். நான் தட்டுத் தடுமாறிப் போய்க்கிறேன்."

"வேண்டாம். அது இருக்கட்டும். தொடாத."

தொடாதே என்று நான் தெளிவாகச் சொன்னேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சரி என்று அவள் எழுந்தாள். பிறகு, "கடையில அட்டப் பெட்டி எதாச்சும் சும்மா கெடந்தா கொண்டாங்களேன்" என்றாள். காப்பகத்துக்கு யானையோ ரயிலோ செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடிக் கூடுகள் வருகிற சாம்பல் நிற அட்டைப் பெட்டி ஒன்றை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டியான அட்டை.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது அவள் படுக்கையறைக் கதவோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எதையோ பீரோவுக்கு அடியில் தள்ளினாள். எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள். முகம் சிவந்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அந்தக் குறுகுறுப்பு அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் குனிந்து பீரோவுக்கு அடியில் பார்க்கவில்லை. பார்த்தால் ஒரு காரணம் சொல்வாள்.

இவ்வளவு நாள் நான் பார்த்தேன், காத்திருந்தேன், ஒரு வார்த்தை கடுமையாகக் கேட்கவில்லை. கை நீட்டவில்லை. இனிமேல் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி என்று தோன்றியது. நியாயமான பரீட்சை. அவள் அந்த விளக்கைத் தொடுகிறவள் இல்லை என்றால், அதில் மின்சாரம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவளுக்கு ஒரு கெடுதலும் வராது. இருட்டு தேவைப்படுகிறவள்தான் அதில் கை வைப்பாள். நான் யாரையும் தண்டிக்கவில்லை. தொடாதே என்று சொல்லியும் தொட்டால் என்ன என்பதை அந்தப் பொருளிடமே விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் விளக்கை ஓரத்துப் பிளாஸ்டிக்கில் பிடித்து உருவி, புள்ளி கீழே வரும்படி திருப்பிச் செருகினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. சேர்ந்து சாப்பிட்டோம். அவள் அன்று கொஞ்சம் கலகலப்பாக இருந்தாள், காப்பகத்தில் ஒரு குழந்தை தன் செருப்பைத் தூங்க வைத்துத் தாலாட்டுப் பாடிய கதையைச் சொன்னாள். நானும் சிரித்தேன். நல்ல கதை அது. படுக்கப் போகுமுன், "இன்னிக்கு நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க பாருங்க" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். அப்போது எனக்குக் கிடைத்த ஒரே அர்த்தம், நான் அசந்து தூங்க வேண்டும் என்று அவள் விரும்புகிறாள் என்பதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவள் பாத்திரங்களைக் கழுவி முடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக வந்தாள். பீரோவுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தாள். கதவோரத்தில் குனிந்தாள். கை ஈரமாக இருந்திருக்கும்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போல ஒன்று, அவ்வளவுதான். விளக்கு அணையவே இல்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை நாள் உழைப்புக்கு அன்றுதான் அவள் முகம் முழுசாக, ஒரு நிழல்கூட விழாமல் எனக்குத் தெரிந்தது. கண் திறந்திருந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. மெயின் சுவிட்ச் என் கட்டிலிலிருந்து நாலு எட்டுத் தூரம்தான். நான் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். ஆகவே இது விபத்து இல்லை. அதை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

அவள் இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. இப்போது சமையலறைக்குப் போகவே பிடிக்கவில்லை.

சற்று முன் அந்த அட்டையை இந்த மேசைமேல் வைத்து, இது என்ன தெரிகிறதா என்று கேட்டீர்கள். தெரிகிறது. எங்கள் கடைப் பெட்டி அட்டை. விளக்குக்குப் போட ஒரு மறைப்பு. வெளிச்சம் கட்டில் பக்கம் வராமல், தரையில் மட்டும் விழும்படி கீழே திறந்து விட்டிருக்கிறாள். மேலே நீலக் காகிதம் ஒட்டியிருக்கிறாள். அவள் தன்னிடம் என்ன சொன்னாள் என்று கொழுந்தியாள் அழுதுகொண்டே சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள்: "அவரு கண்ணு எரியுதுங்கறாருடி. லைட்ட எடுக்கவும் விடமாட்டேங்கறாரு. ஒரு மறைப்பு செஞ்சு வச்சிட்டேன்னா அவராச்சும் தூங்குவாரு. நான் எங்கயாச்சும் படுத்துக்குவேன்." கேட்டுக்கொண்டேன். அக்காவும் தங்கையும் பேசிவைத்துக்கொள்வது புதிதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது உங்கள் ஆட்கள் யாரும் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. தகட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருக்கிறாள். என்னால்கூட அவ்வளவு சுத்தமாக வெட்ட முடியாது. தகட்டின்மேல் வைத்து அளக்காமல் அப்படி வெட்டவே முடியாது. புள்ளி மேலே இருந்த நாளில் அளந்திருக்கிறாள், தொட்டும் பார்த்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அன்றைக்குப் பயப்படாமல் கை வைத்தாள்.

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான், ஐயா. எனக்குத் தெரியாமல் அவள் அந்த விளக்குக்குப் பக்கத்தில் போயிருக்கிறாள்.